சீலாவின் வாயில் அம்மாவின் கரண்டி

அம்மா எந்த மீனையும் முதலில் செவுளைத் தூக்கிப் பார்த்த பிறகே கையில் எடுப்பார். அந்த ஞாயிற்றுக்கிழமையும் அப்படித்தான் தொடங்கினார்.

கொழும்பு கொட்டாஞ்சேனையில் எங்கள் வீட்டுச் சமையலறைத் தொட்டிக்குள் ஒரு சீலா மீன் கிடந்தது. நீண்டு ஒடுங்கிய உடல், முதுகில் நீலக்கருமை, வயிற்றில் புதுத் தகரத்தின் வெண்மை. தொட்டிக்குள் அடங்காமல் அதன் வால் விளிம்பைத் தாண்டி நின்றது. அடுப்பில் தேங்காய்ப்பால் கொதிக்கத் தொடங்கியிருந்தது. சன்னலருகே புட்டிங் ஆறிக்கொண்டிருந்தது.

அம்மா செவுளைப் பார்த்தார். கண்ணைப் பார்த்தார். பிறகு, வழக்கத்துக்கு மாறாக, கத்தி நுனியால் மீனின் தாடையை மெல்ல விரித்தார். நாங்கள் உள்ளே மடித்து மறைத்திருந்த உருக்குக் கம்பி ஒரு சாண் நீளத்துக்கு வெளியே வந்து விழுந்தது. அதன் மறுமுனையில், ஊசிப் பற்களுக்கு நடுவே, ஏதோ பளபளத்தது.

அது அம்மாவின் கரண்டி. கைப்பிடி வெட்டப்பட்ட கரண்டி, ஆயினும் அவருடையதுதான்.

என் பின்னால் அண்ணி நின்றார். அவர் என் முழங்கையைப் பற்றியிருந்த பிடியை இதை எழுதும்போதும் உணர்கிறேன்.

இத்தொடரில் அம்மாவை மிகவும் கண்டிப்பானவராகக் காட்டிவிட்டதாக ஒரு வாசகி எழுதியிருந்தார். அவருக்கான பதிலாக இந்த வாரத்தை வைத்துக்கொள்ளலாம். ஆனால் அந்தக் கரண்டி மீனின் வாய்க்குள் போன வழியை முதலில் சொல்லியாக வேண்டும்.

இல்லாத ஒரு மீன்காரர்

அண்ணி தர்ஷி எங்கள் வீட்டுக்கு மருமகளாக வந்து அப்போது ஆறேழு மாதங்கள் ஆகியிருந்தன. வங்கியில் வேலை. பிறந்த வீடு வெள்ளவத்தையில், கடலை நோக்கி இறங்கும் ஒழுங்கைகளில் ஒன்றில். அவர்கள் வாசலிலிருந்து பார்த்தால் மரீன் டிரைவ், அதற்கப்பால் ரயில் பாதை, அதற்கப்பால் கருங்கற்கள், பிறகு கடல்.

அந்தக் கற்களின் மேல் நின்று தூண்டில் வீசுவது அண்ணியின் பழக்கம். யாரும் அவருக்குக் கற்றுக்கொடுக்கவில்லை. பள்ளி நாட்களில் அங்கு நின்றவர்களைத் தூரத்திலிருந்து பார்த்தார். பிறகு சொந்தமாக ஒரு தூண்டில் கோலை வாங்கி, ஒரு வருடம் முழுவதும் ஒன்றுமே பிடிக்காமல் நின்றார். அதை அவரே சிரித்துக்கொண்டு சொல்வார்.

இதை அண்ணா திருமணத்துக்கு முன்பே அறிந்திருந்தார். அவர் செய்ததெல்லாம் ஒன்றுதான்.

“அம்மாவுக்கு இப்ப சொல்ல வேண்டாம். பிறகு ஆறுதலாச் சொல்லுவம்” என்றார்.

அண்ணா கெட்டவர் அல்லர். எங்கள் ஒழுங்கையில் ஒரு வீட்டில் தாளித்தால் ஏழு வீடுகளில் தும்முவார்கள். ‘மருமகள் கல்லில ஏறி நிண்டு மீன் பிடிக்கிறாளாம்’ என்ற பேச்சு அம்மாவின் காதுக்கு வந்தால் என்ன ஆகுமோ என்று அஞ்சினார். அஞ்சியதைத் தள்ளிப்போட்டார். அந்தக் குணம் எனக்கும் உண்டு. அதனால் நான் அவரைக் குறைசொல்ல இயலாது.

ஞாயிறு காலையில் நாங்கள் திருப்பலிக்குப் போவோம். சைவ சமயக் குடும்பத்திலிருந்து வந்த அண்ணியை எங்கள் கோயிலுக்கு வா என்று அம்மா ஒருநாளும் கட்டாயப்படுத்தியதில்லை. அந்த நேரத்தில் அண்ணி வெள்ளவத்தைக்குப் போய்வருவார். தாய்வீட்டுக்குப் போகிறார் என்று அம்மாவுக்குச் சொல்லப்பட்டது. அவர் தாய்வீட்டுக்குப் போனதும் உண்மைதான். தூண்டில் கோல் அங்கே கதவுக்குப் பின்னால்தான் இருந்தது.

சில வாரங்களில் நானும் சேர்ந்துகொண்டேன். சனிக்கிழமை மாலைத் திருப்பலிக்குப் போனால் ஞாயிற்றுக் கடமை நிறைவேறிவிடும். “சனிக்கிழமை போறன் அம்மா, ஞாயிறு அண்ணிக்குத் துணையாப் போகலாம்” என்றேன். அம்மா என்னைச் சற்று நேரம் பார்த்துவிட்டு, “சரி” என்றார்.

பிடித்த மீனை என்ன செய்வது? வீசிவிட மனம் வராது. அண்ணி அதை வீட்டுக்குக் கொண்டுவந்தார்.

“வெள்ளவத்தையில ஒராள் விக்கிறார், மாமி. அப்பதான் கடலால கொண்டு வந்தது.”

இப்படித்தான் இல்லாத ஒரு மீன்காரர் எங்கள் வீட்டுக்குள் நுழைந்தார். அம்மாவுக்கு அவரை மிகவும் பிடித்துவிட்டது. அயல்வீடுகளில் அவரைப் புகழ்ந்தார். பக்கத்து வீட்டு ஆன்ரி அவருடைய தொலைபேசி எண்ணைக் கேட்டார். “அவர் போன் வச்சிருக்கிறேல்ல” என்று அண்ணி சொல்ல, “பாவம்” என்றார் ஆன்ரி.

அம்மாவின் வாசிப்பு

பல்கலைக்கழகத்தில் எங்களுக்கு ஒரு பிரதியை வரிவரியாக வாசிக்கப் பழக்குகிறார்கள். சொல்லப்பட்டதைவிடச் சொல்லாமல் விடப்பட்டதைக் கவனிக்கச் சொல்கிறார்கள். அந்த வாசிப்பின் முதல் வடிவத்தை நான் மீன் சந்தையில்தான் கண்டிருக்கிறேன்.

அம்மா பிறந்தது முகத்துவாரத்தில். கடல் அவருக்கு அழகுக் காட்சி அல்ல. சமையலுக்கு வரும் பொருட்களின் ஊர். செவுளின் சிவப்பில் பழுப்பு கலந்திருந்தால் அது எத்தனை மணித்தியாலம் ஐஸில் கிடந்தது என்பார். வயிற்றை ஒரு விரலால் அழுத்திவிட்டு, ‘இது நேற்றையது’ என்று கடந்துவிடுவார். மீன் விற்பவர்கள் அவரோடு தர்க்கம் செய்வதில்லை.

இப்படிப்பட்ட ஒருவருக்குத்தான் நாங்கள் வாரந்தோறும் ஒரு பொய்யைத் தட்டில் வைத்து நீட்டிக்கொண்டிருந்தோம்.

தூண்டிலுக்கான இரையும் எங்கள் வீட்டிலேயே இருந்தது. அண்ணியின் தாயார் சுவாமிக்குப் படைக்கும் பால் இருக்கும் குளிர்பெட்டிக்குள் பச்சை மீன் வைக்க விடமாட்டார். ஆகவே சனிக்கிழமைகளில் அண்ணி வாங்கிவரும் சூடை மீன்கள், ஒரு பழைய ஐஸ்கிறீம் டப்பாவுக்குள், எங்கள் குளிர்பெட்டியின் மேல்தட்டில் உறைந்து கிடக்கும். ஒரு சனிக்கிழமை பகல் முழுவதும் மின்சாரம் இல்லை. மறுநாள் காலையில் திறந்து பார்த்தால் இரை கல்லைப் போல் இறுகியே இருந்தது.

“உங்கட ஃபிரிட்ஜ் நல்ல ஃபிரிட்ஜ், நிரோ” என்றார் அண்ணி.

நானும் அப்படியே நம்பினேன்.

பன்னிரண்டில் ஒன்று

அம்மாவின் அலுமாரியில் வெல்வெட் துணி விரித்த ஒரு பெட்டி உண்டு. அதற்குள் இனிப்புச் சாப்பிடுவதற்கான, வெள்ளி முலாம் பூசிய பன்னிரண்டு கரண்டிகள். அம்மாவின் திருமணத்துக்கு அவருடன் வேலை செய்தவர்கள் சேர்ந்து கொடுத்த பரிசு. ஒவ்வொன்றின் அடிப்பக்கத்திலும் நகத்தளவில் ஒரு சிப்பி பொறிக்கப்பட்டிருக்கும். பங்குத்தந்தை சாப்பிட வரும் நாளில் நான்கைந்து வெளியே வரும். கழுவித் துடைக்கப்பட்டு மீண்டும் உள்ளே போகும்.

அண்ணியின் பிறந்தநாள் வந்தது. அவருக்கு மிகப் பிடித்த, லூர் எனப்படும் உலோகப் பொய்யிரை ஒன்று அதற்கு முந்தைய வாரம் நீருக்கடியிலுள்ள பாறைத்திட்டான கற்பாரில் சிக்கி அறுந்துபோயிருந்தது. அது கரண்டியின் குழிவைப் போன்ற வடிவம் கொண்டது. நீருக்குள் இழுக்கும்போது புரண்டு புரண்டு, அடிபட்ட சிறுமீனைப் போல ஒளிரும்.

நான் யோசித்தேன். என் தவறுகள் பெரும்பாலும் யோசித்துச் செய்தவை. எங்கள் வீட்டில் ஒருபோதும் பன்னிரண்டு பேர் சேர்ந்து இனிப்புச் சாப்பிட்டதில்லை. ஆகவே பன்னிரண்டாவது கரண்டி நடைமுறையில் இல்லாத ஒன்று. இந்த வாதத்தில் எனக்கு எந்தக் குறையும் தென்படவில்லை.

சந்திக்கு அருகே பூட்டுகளுக்குத் திறப்பு வெட்டுபவர் ஒருவர் இருந்தார். கரண்டியைக் கையில் வாங்கி, திருப்பிப் பார்த்தார்.

“மேக்க ஹொந்த ஹெந்தக் நே நங்கி?” இது நல்ல கரண்டி அல்லவா, தங்கச்சி என்று சிங்களத்தில் சொல்லி, ஏன் வெட்டவேண்டும் என்றும் கேட்டார்.

மீனுக்கு என்றேன். மீன்கள் இப்போது கரண்டியாலா சாப்பிடுகின்றன என்று கேட்டுவிட்டு, தன் நகைச்சுவைக்குத் தானே சிரித்தபடி கைப்பிடியை அறுத்தார். இரு முனைகளிலும் துளையிட்டார். வால்முனைத் துளையில் மூன்று முள் கொண்ட தூண்டிலைக் கோத்தது நான்தான். சீலா தன் இரையைத் தலைப்பக்கமாக விழுங்குவதில்லை. வால்பக்கம் வெட்டித்தான் தாக்கும்.

அண்ணி அதைக் கடையில் வாங்கியதென்றே எண்ணினார். “இவ்வளவு வடிவானதை எறிஞ்சு துலைக்கவோ?” என்று தம் தூண்டில் பெட்டிக்குள் பத்திரப்படுத்தினார்.

தவக்காலம் தொடங்க இரண்டு மூன்று ஞாயிறுகள் இருக்கையில், ஒரு வியாழக்கிழமை இரவுச் சாப்பாட்டின்போது அம்மா பேச்செடுத்தார்.

“தர்ஷி மகள், உங்கட அம்மா அப்பா இன்னும் ஒழுங்கா வந்திருந்து ஒருநாள் சாப்பிடேல்ல. வாற ஞாயிறு மத்தியானம் எல்லாரையும் வரச் சொல்லுங்கோ. ரெண்டு வீடும் சேர்ந்தாப் பன்ரெண்டு பேர்.”

நான் சோற்றைப் பிசைந்தபடி கரண்டிகளை எண்ணினேன். பதினொன்று.

“அந்த மீன்காரரிட்ட முதலே சொல்லி வையுங்கோ. ஒரு சீலா வேணும். கை நீளம் இருந்தாப் போதும். அதுக்கு மேல பெரிசு வேண்டாம்.”

பாரில் வளரும் மிகப் பெரிய சீலாக்கள் சில வேளை உடலில் நஞ்சு சேர்த்து வைத்திருக்கும் என்பதும், அதைக் கண்ணாலோ மூக்காலோ கண்டுபிடிக்க இயலாது என்பதும் அம்மாவுக்குத் தெரியும். கற்களில் நிற்பவர்களும் பெரியதைத் திரும்ப விட்டுவிடுவார்கள்.

“சொன்னாத் தருவார்தானே?” என்றார் அம்மா.

அண்ணாவின் கவனம் முழுவதும் ஒரு முருங்கைக்காய்த் துண்டில் குவிந்தது. அண்ணி, “ஓம் மாமி. தருவார்” என்றார்.

கற்களின் மேல்

ஞாயிற்றுக்கிழமை விடிந்தவுடனேயே நாங்கள் ரயில் பாதையைக் கடந்துவிட்டோம். கற்கள் ஈரமாக இருந்தன. கரையிலிருந்து சற்று வெளியே, நீருக்கடியிலுள்ள பாரின் மேல் அலை உடைந்து ஒரு வெள்ளைக்கோடு இழுத்தது. அந்தக் கோட்டின் உட்புறத்தில் நீர் பச்சை, வெளிப்புறத்தில் கருநீலம். சீலா நிற்பது அந்த இரண்டு நிறங்களும் சந்திக்கும் விளிம்பில்.

தூண்டில் போடுவதில் இரண்டு வகைக் குணங்கள் உண்டு என்று எனக்குத் தோன்றுகிறது. இரை வைத்துக் காத்திருப்பது ஒன்று. இரையின் வாசம் நீரில் பரவும்; நாம் ஒன்றும் செய்யாமல் நிற்கலாம். அது எனக்கு உகந்தது. மற்றையது பொய்யிரை. அதற்கு வாசமில்லை, சுவையில்லை. ஓட்டம் மட்டுமே உண்டு. சீலா கண்ணால் வேட்டையாடும் மீன். பின்னாலேயே வந்து பார்க்கும். இழுப்பதை ஒரு கணம் நிறுத்தினாலும் உலோகம் உலோகமாகிவிடும்; மீன் திரும்பிவிடும். அது அண்ணிக்கு உகந்தது.

முதலில் என் முறைப்படி சூடையைக் கொளுவிப் போட்டோம். வந்தவை பேத்தை மீன்கள். அவை இரையைக் கிள்ளித் தின்றன. ஒன்று தூண்டிலில் மாட்டி, மேலே வந்ததும் பந்தாக ஊதி எங்களை முறைத்தது. அடுத்த கல்லில் நின்ற சிங்கள அங்கிள் ஒருவர் அதற்கு வணக்கம் வைத்தார்.

பிறகு அண்ணி தம்மிடமிருந்த பொய்யிரைகளை மாற்றி மாற்றி வீசினார். ஒன்றின் பின்னால் ஒரு நீண்ட நிழல் கல்வரை வந்து, சோம்பலாகத் திரும்பிப் போயிற்று. அடுத்த வீச்சில் அந்தப் பொய்யிரை பாரில் சிக்கிக்கொண்டது; இழுத்ததில் தூண்டில் நூலான தங்கூசி அறுந்தது. வெயில் ஏறியிருந்தது.

“சந்தையில ஒண்டு வாங்கிக்கொண்டு போவமே, அண்ணி?”

“மாமி செவுளைத் தூக்கின உடனே சொல்லிப்போடுவா, ஐஸில கிடந்ததெண்டு. விசரே உமக்கு?”

அவர் கல்லில் அமர்ந்தார். சத்தமாகப் பேசும் அண்ணி அப்போது குரலைத் தாழ்த்திப் பேசினார்.

“மீன் பிடிக்க வேண்டாமெண்டு மாமி சொன்னா, நான் விட்டிடுவன் நிரோ. கவலையா இருக்கும், ஆனா விட்டிடுவன். ஆனா இவள் பொய்க்காரி எண்டு அவ நினைச்சா, அந்த வீட்டில நான் எப்பிடி முகம் பாக்கிறது? முதல் கிழமையே சொல்லியிருக்க வேணும். உங்கட அண்ணாவின்ர கதையைக் கேட்டு...”

பெட்டியைத் திறந்தார். உள்ளே இன்னும் வீசாமல் எஞ்சியிருந்தது ஒன்றுதான். அதை எடுத்துக் கம்பியில் மாட்டத் தொடங்கினார். சீலாவின் பற்கள் தங்கூசியை நூலைப் போல் அறுத்துவிடும் என்பதால் பொய்யிரைக்கு முன்னால் ஒரு சாண் உருக்குக் கம்பி வேண்டும்.

“அண்ணி, அது கடையில வாங்கினதில்ல” என்றேன்.

சொல்லி முடித்தேன். பன்னிரண்டு பேருக்கு இனிப் பதினொரு கரண்டிதான் என்பதையும் சொன்னேன். அண்ணி கரண்டியைத் திருப்பி, சிப்பி அடையாளத்தைப் பார்த்தார். அவர் கோபிப்பார் என்று எதிர்பார்த்தேன். அவரோ கல்லைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

“கள்ளி! இலக்கியம் படிக்கிற பிள்ளை செய்யிற வேலையே இது? நான் ஒரு பொய்க்காரி, நீர் ஒரு கள்ளி. மாமிக்கு வாய்ச்ச ரெண்டு பேர்!”

கோலை என் கையில் திணித்தார்.

“களவெடுத்தது நீர். நீரே எறியும்.”

என் முதல் வீச்சு குட்டையாக விழுந்தது. இரண்டாவது சரியாகப் போயிற்று. வெள்ளைக்கோட்டுக்கு அப்பால் ஒரு மினுக்கம், பிறகு நீர். நான் சுற்றத் தொடங்கினேன். கரண்டி புரள்வதைக் கைகளில் உணர்ந்தேன். பச்சை நீருக்குள் அது ஒளிர்ந்து மறைந்து ஒளிர்ந்தது. அதற்குப் பின்னால் அந்த நிழல் வந்தது.

“நிப்பாட்டாதையும்! சுத்தும், சுத்தும்! இன்னும் கெதியா!”

என் இயல்பு நின்று பார்ப்பது. அந்த ஒருமுறை நிற்கவில்லை. நிழல் வளைந்தது, கோல் கீழ்நோக்கி ஒரே இழுப்பாக வளைந்தது.

அடுத்த நிமிடங்களைப் பற்றி என்னிடம் ஒழுங்கான நினைவு இல்லை. சுருளிலிருந்து தங்கூசி கிறீச்சிட்டு ஓடிற்று. “ஹெமின் நங்கி, ஹெமின்!” மெல்ல, மெல்ல என்று அங்கிள் கத்தினார். மீன் ஒருதரம் நீருக்கு மேலே முழு நீளத்தையும் காட்டிற்று. அண்ணி முழங்காலளவு நீருக்குள் இறங்கி, அலை தூக்கித் தந்த நேரம் பார்த்து, ஈரத் துவாய்த் துணியால் அதன் கழுத்தை அமுக்கிப் பிடித்தார்.

கை நீளம். ஒரு விரல்கூடக் குறையாமல், கூடாமல்.

முட்கள் தாடையின் மூட்டுக்குள் ஆழமாக இறங்கியிருந்தன. அந்தப் பற்களுக்குள் விரல் விட இயலாது. அண்ணி முள் பிடுங்கும் குறடு ஒன்றை எடுத்தார், ஈரக்கை வழுக்கியது, குறடு இரண்டு கற்களுக்கு இடையே விழுந்து, ஒரு சிறு சத்தத்தோடு கடலுக்குச் சொந்தமாயிற்று. அங்கிளிடமும் குறடு இருக்கவில்லை.

கம்பியின் மேல்முனைக் கொளுவியைக் கழற்றி, கம்பியை மடித்து மீனின் வாய்க்குள் தள்ளினோம். வீட்டில் அண்ணாவின் மேசை லாச்சியில் இன்னொரு குறடு உண்டு. அம்மா திருப்பலி முடிந்து வரப் பத்து மணியாகும். நேரம் போதும்.

ஓட்டோவுக்குள் மீனின் வால் பைக்கு வெளியே ஆடிக்கொண்டே வந்தது. கொட்டாஞ்சேனை வந்து சேரும்வரை நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தோம்.

வீட்டுக் கதவு திறந்திருந்தது. விருந்து நாள் என்பதால் அம்மா அதிகாலைத் திருப்பலிக்கே போய்விட்டு வந்திருந்தார்.

“கொண்டு வந்தாச்சே? இஞ்ச தாங்கோ” என்று கையை நீட்டினார்.

குறடு

ஆகவே, நான் தொடங்கிய இடத்துக்கு வருகிறேன். தொட்டி, மீன், கம்பி, கரண்டி. தேங்காய்ப்பால் கொதித்துக்கொண்டிருந்தது.

அம்மா கத்தியை வைத்தார்.

“குறடு எங்க?” என்று பொதுவாகக் கேட்டார்.

“கடலுக்க விழுந்திட்டுது, மாமி” என்றார் அண்ணி.

சொன்ன பிறகுதான் தாம் என்ன சொன்னோம் என்பது அவருக்கு விளங்கியது. என் முழங்கை வலித்தது.

“ஆற்ற குறடு? மீன்காரரின்ரயோ?”

“என்ர குறடு, மாமி.” அண்ணியின் குரல் உடைந்தது. “அப்பிடி ஒராளும் இல்ல. நான்தான் பிடிக்கிறனான். கலியாணத்துக்கு முதலே...”

“இண்டைக்குப் பிடிச்சது நான்” என்றேன். “கரண்டி எடுத்ததும் நான்.”

“ஒராள் ஒராளாச் சொல்லுங்கோ. முதல் அண்ணாவின்ர குறட்டை எடுத்துக்கொண்டு வா. மீன் பழுதாப் போகப்போகுது.”

கொண்டுவந்து கொடுத்தேன். அம்மா துணியால் தாடையைப் பிடித்து, குறட்டால் முட்களை வந்த வழியே பின்னுக்குத் தள்ளி, ஒரே திருப்பில் எடுத்தார். குழாயடியில் கரண்டியைக் கழுவினார். அடிப்பக்கத்துச் சிப்பியைப் பெருவிரலால் தடவினார். அதன் குழிவில் இப்போது பற்கள் கீறிய மூன்று கோடுகள் இருந்தன.

“கேட்டிருந்தாத் தந்திருப்பன்” என்றார் என்னிடம். அவர் என்னை அடித்திருந்தால்கூட அவ்வளவு வலித்திருக்காது.

பிறகு அண்ணியின் பக்கம் திரும்பினார்.

“வலையில பட்ட மீனுக்கு உடம்பில வலையின்ர தழும்பு இருக்கும். தொழிலுக்குப் போறவன் தூண்டிலில பிடிச்சா வாயில ஒரு ஓட்டை. உங்கட மீன்காரர் தாறதுக்கு மட்டும் மூண்டு ஓட்டை. ஆர் அவர், மூண்டு முள்ளால பிடிச்சுக் கூறு போட்டு விக்கிறவர்?”

அம்மா குளிர்பெட்டியின் பக்கம் கையைக் காட்டினார்.

“ஐஸ்கிறீம் டப்பாவுக்குள்ள சூடை. நாள் முழுக்கக் கரண்ட் இல்லாத அண்டைக்கு, சந்திக் கடையில ஐஸ்கட்டி வாங்கி அதைச் சுத்தி அடுக்கினது ஆரெண்டு நினைச்சீங்கள்?”

“மாமி...”

“முதல் ரெண்டு கிழமை எனக்குத் தெரியாது. அந்த ஆள் இருக்கிறாரெண்டுதான் நினைச்சனான். பாவம், விடியக் கடலுக்குப் போய் வாறவரெண்டு பூசையில அவருக்காகச் செபம் சொன்னனான்.” அம்மா மீனைப் பலகைக்கு மாற்றினார். “பிறகும் செபத்தை விடேல்ல. ஆளை மாத்திச் சொன்னனான். கல் வழுக்குமெல்லே.”

அண்ணி அழத் தொடங்கினார். அம்மா செதில் வழிக்கும் கத்தியை அவரிடம் நீட்டினார்.

“சீலா ஒண்டு வேணுமெண்டு கேட்டா, இண்டைக்காவது வாய் திறந்து சொல்லுவீங்களெண்டு பாத்தன். நீங்கள் ரெண்டு பேரும் போய்ப் பிடிச்சுக்கொண்டே வந்திட்டீங்கள்! சரி, வாலிலயிருந்து வழியுங்கோ. உங்கட அம்மா ஆக்கள் வரப்போகினம்.”

மத்தியானம் மேசையில் சீலாக் குழம்பு இருந்தது, பொரியலும் இருந்தது. அண்ணியின் தந்தையார் முதல் துண்டைச் சுவைத்தவுடனேயே, எங்கள் வீட்டின் இரகசியம் எதுவும் அறியாதவராக, “தர்ஷி, இண்டைக்கு எதில பட்டது? இரையிலயோ, லூரிலயோ?” என்று கேட்டார்.

அண்ணாவுக்குப் புரையேறியது.

“கரண்டியில பட்டது, சம்மந்தி” என்றார் அம்மா, அண்ணாவின் பக்கம் தண்ணீரைத் தள்ளியபடி.

புட்டிங் வந்தபோது வெல்வெட் பெட்டியும் வந்தது. அம்மா பதினொரு பேருக்குப் பதினொரு கரண்டிகளை வைத்தார். தமக்குத் தேநீர் கலக்கும் சாதாரணக் கரண்டி ஒன்றை எடுத்துக்கொண்டார். அதை நான் பார்ப்பதை அவர் பார்த்தார்.

சனிக்கிழமை

நன்றி என்ற சொல்லை எங்கள் வீட்டில் யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. தபால்காரருக்கும் ஓட்டோக்காரருக்கும் சொல்வோம். ஒருவருக்கொருவர் சொன்னால் கூச்சமாக இருக்கும். ஆகவேதான் இதை அம்மாவிடம் சொல்லாமல் இங்கே எழுதுகிறேன். அவர் இந்த வார இதழை வாங்குவார். முதலில் சமையற்குறிப்பைப் படிப்பார். பிறகு இங்கே வருவார்.

நாங்கள் அவரிடம் மறைத்துக்கொண்டிருப்பதாக எண்ணிய காலம் முழுவதும், எங்களுக்குத் தெரியாமல் அவர் எங்களைக் காத்துக்கொண்டிருந்தார். இரை கெடாமல் பார்த்தார். கல் வழுக்காமல் வேண்டினார்.

அந்த வாரம் அவர் இதைப் பற்றி வேறு எதுவும் பேசவில்லை. இனிப் போகலாம் என்றோ, போகக் கூடாது என்றோ சொல்லவில்லை. அண்ணி கேட்க அஞ்சினார். வெள்ளிக்கிழமை கடந்தது. சனிக்கிழமை அண்ணி சூடை வாங்கவில்லை.

மாலையில் நான் திருப்பலிக்கு வெளிக்கிட்டேன். அம்மா வாசலில் நின்றார். நல்ல சேலை, கையில் செபமாலை, தோளில் குடை. நான் அறிந்த காலம் முழுவதும் அம்மா ஞாயிற்றுக் காலைத் திருப்பலியைத் தவறவிட்டதே இல்லை. காய்ச்சலிலும் போயிருக்கிறார்.

“நீங்கள் எங்க, அம்மா?”

“உன்னோடதான். பூசைக்கு.”

“சனிக்கிழமையோ?”

அம்மா வீட்டுக்குள் திரும்பி, “தர்ஷி மகள்!” என்று கூப்பிட்டார். “ஐஸ்கிறீம் டப்பாவில சூடை வச்சிருக்கிறன். நாளைக்கு அஞ்சரைக்கு வெளிக்கிட வேணும். வழுக்காத செருப்பு ஒண்டு எனக்கும் தேடி வையுங்கோ.”

பிறகு குடையை என் கையில் தந்துவிட்டு, முன்னால் நடந்தார்.